தப்புக்குப் பாடசாலையில் இடம் எங்கே?

ருவான்வெல்லையைச் சூழ்ந்துள்ள இறப்பர்த் தோட்டங்களில் தப்படிக்கும் முதியவர்கள் ஒருவர்பின் ஒருவராக மறைந்து வருகின்றனர். அவர்களது பிள்ளைகளுள் பலர் கொழும்பில் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கின்றனர். திருவிழாவுக்கும் காமன் கூத்துக்கும் தப்புக்காரரை அடுத்த தோட்டத்திலிருந்து அழைத்துவரும் நிலை பல இடங்களில் உண்டாகியிருக்கின்றது. ஒலிபெருக்கி இருக்கும்போது தப்பு எதற்கு என்று கேட்பாரும் உளர். இக்கேள்வியை நாம் அலட்சியம் செய்ய விரும்பவில்லை. இதற்கு விடை கூறவேண்டிய கடமை, படித்தவர்களும் பட்டதாரிகளும் நிரம்பிவிட்ட இன்றைய தமிழ்ச் சமுதாயத்துக்கு உண்டு.

தப்பு என்பது என்ன? மரச் சட்டத்தின் மேல் தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, நெருப்பில் காய்ச்சிச் சுருதி ஏற்றி, ஒரு கையில் மெல்லிய நீண்ட குச்சியும் மறு கையில் தடித்த குறுங் குச்சியும் கொண்டு அடிக்கும் கருவி அது. தமிழகத்தில் அதனைப் பறை என்பர். ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணவந்த தொல்காப்பியர், தெய்வத்தோடும் உணவோடும் சேர்த்துப் பறையையும் எண்ணினார். அத்தகைய பழமை வாய்ந்த கருவி, 1823ஆம் ஆண்டு முதல் கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்துவரப்பட்ட நம் மக்களோடு கூடவே கடல் கடந்து, காடு கடந்து, இம்மலைகளுக்கு வந்து சேர்ந்தது. தேயிலைக்கும், பின்னர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களனிப் பள்ளத்தாக்கிலும் சப்ரகமுவாவிலும் பரவிய இறப்பருக்கும் அது சாட்சியாயிற்று. பிறப்புக்கும் பூப்புக்கும் ஓர் அடி, சாமி ஊர்வலத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி என்று வகைவகையாக அதில் தாளங்கள் உண்டு. லயத்து வாசலில் நின்றபடியே, தூரத்தில் கேட்கும் அடியைக் கொண்டு என்ன நிகழ்ச்சி என்று அறிந்துகொள்ளும் செவி நம் பாட்டிமாருக்கு இருந்தது.

தோட்டத்துரைமார் அந்தச் செவியைக் கண்டுகொண்டனர். விடியுமுன் தொழிலாளரை எழுப்பிப் பெரட்டுக் களத்துக்கு விரட்ட அவர்கள் தேர்ந்துகொண்டது மணியோசையை மட்டுமன்று; பெரட்டுத் தப்பையுந்தான். மலைநாட்டின் கவிஞரும் தொழிற்சங்கவாதியுமான சி.வி. வேலுப்பிள்ளை, தேயிலைத் தோட்ட வாழ்வைப் பற்றி ஆங்கிலத்தில் பாடிய காவியத்தை விடியற்காலை முரசொலியோடு தொடங்கியது வெறுங் கவிநயமன்று. அஃது அவர் கண்ட உண்மை. தெய்வத்தை எழுப்பிய கருவி, கூலியாட்களை எழுப்பும் கருவியாக்கப்பட்டது.

உலகத்தின் மறுகோடியில் நடந்தது என்ன என்று பார்த்தால், நம் கதையின் மறுபக்கம் தெரியும். அமெரிக்காவின் தென் கரோலைனாவில் 1739ஆம் ஆண்டு ஸ்டோனோ ஆற்றங்கரையில் கறுப்பின அடிமைகள் முரசு கொட்டி அணிதிரண்டு கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சி நசுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1740இல், அடிமைகள் முரசும் கொம்பும் வைத்திருப்பதைத் தடுத்துச் சட்டம் இயற்றினர். அங்கே முரசைக் கண்டு முதலாளி அஞ்சினான், தடை செய்தான். இங்கேயோ முரசைக் கண்ட முதலாளி அதனைத் தனக்கு வேலைக்கு வைத்துக்கொண்டான். இரண்டில் எது கொடுமை என்று ஆராய்வது வீண். முரசு பறிக்கப்பட்ட அம்மக்கள் கைதட்டியும், தரையைக் காலால் உதைத்தும் தாளத்தைக் காத்தனர்; ஆன்மிகப் பாடல்களையும், பின்னர் புளூஸ், ஜாஸ் முதலிய இசைகளையும் படைத்தனர். 20ஆம் நூற்றாண்டில் உலகம் ஆடிப்பாடிய இசையின் பெரும்பகுதி அவர்களது தோட்டக் குடிசைகளில் வேர்கொண்டதே. நம்மிடம் முரசு பறிக்கப்படவில்லை. எனினும் நாமே அதைக் கீழே வைத்துக்கொண்டிருக்கின்றோம்.

ஏன் வைக்கின்றோம் என்பதை மறைக்காமற் பேசுவோம். தப்படித்தல் ஒரு சாதியின்மேல் சுமத்தப்பட்ட ஊழியமாக இருந்து வந்திருக்கின்றது. சாவு வீட்டில் வாசலுக்கு வெளியே நிற்கவைத்து, சாராயத்தைக் கூலியாகக் கொடுத்து, அடி என்று ஏவினார்கள். அதனால், “என் மகன் தப்பைத் தொடமாட்டான்” என்று ஒரு தந்தை சூளுரைத்தால், அவரைக் கலையுணர்வு அற்றவர் என்று கூற எவருக்கும் அருகதையில்லை. அது மானத்தின் குரல். தப்பைப் புறக்கணிப்பதே விடுதலை என்று கூறுவோரை நாம் மதிக்கின்றோம். ஆனால் குற்றம் தோலிலும் கட்டையிலும் இல்லை; ஏவியவனிடத்தில் இருக்கின்றது. பிறப்பின் பேரால் ஒரு பிள்ளையும் தப்படிக்குமாறு கட்டாயப்படுத்தப்படக் கூடாது. விரும்பினால் எந்தப் பிள்ளையும், எந்தச் சாதிப் பிள்ளையும், பாடசாலையில் ஆசிரியர் முன் அமர்ந்து அதைக் கற்க வழியிருக்க வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்ததே நம் கோரிக்கை. ஒன்றை விட்டு மற்றதைக் கேட்பவர் பழைய ஊழியத்தையே புதுப் பெயரால் கேட்பவராவர்.

வெட்கம் என்பது நமக்கு மட்டும் வந்த நோயன்று. அடிமை முறை ஒழிந்தபின், 1866இல் நாஷ்வில் நகரில் கறுப்பின மாணவருக்காக ஃபிஸ்க் என்னும் கல்வி நிலையம் தொடங்கப்பெற்றது. சில ஆண்டுகளில் அது கடனில் மூழ்கியது. 1871இல் அதன் மாணவர் சிலர், பாடிப் பொருள் திரட்டிவரப் புறப்பட்டனர். பெற்றோர் பருத்திக் காட்டில் பாடிய துயரப் பாடல்களை மேடையில் பாட அவர்கள் முதலில் கூசினர்; அவை அடிமைக் காலத்தை நினைவூட்டும் பாடல்கள் அல்லவா? ஐரோப்பியப் பாட்டுகளையே பாடிப் பார்த்தனர். பின்னர்த் துணிந்து தம் முன்னோர் பாட்டைப் பாடியபோதுதான் அவை நிறைந்த மக்கள் உருகினர். 1873இல் விக்டோரியா மகாராணியின் முன்னிலையிலும் பாடினர். அவர்கள் திரட்டிய பணத்தில் எழுந்த ஜூபிலி மண்டபம் இன்றும் நிற்கின்றது. அதே கல்வி நிலையத்தில் பயின்ற டபிள்யூ. இ. பி. டு போய்ஸ், 1903இல் வெளியிட்ட தமது நூலில் ஒவ்வோர் அத்தியாயத்தின் தலைப்பிலும் அத்துயரப் பாடல்களின் இசைக்குறிப்பைப் பொறித்தார். பேரறிஞர் ஒருவர் தம் பாட்டன்மாரின் பாட்டைத் தம் நூலின் முடியில் ஏற்றிவைத்த செயல், நம் பட்டதாரிகள் சிந்திக்கத்தக்கது.

கறுப்பின மக்களின் இசை நமக்குத் தூரத்துச் செய்தியுமன்று. போர்த்துக்கேயர் காலந்தொட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் வழிவந்தோர் புத்தளம் மாவட்டத்துச் சிரம்பியடியில் இன்றும் வாழ்கின்றனர். அவர்களது மஞ்சா என்னும் பாட்டும் தாளமும் இன்னும் உயிரோடிருக்கின்றன. ஆனால் அவர்கள் அன்றாடம் பேசுவது சிங்களம். பாட்டு மட்டும் போர்த்துக்கேயக் கலப்பு மொழியில் நிற்கின்றது. பாடும் இளைஞருக்கே அதன் பொருள் முழுவதும் விளங்குவதில்லை. இந்நாடு முழுவதும் கலியாண வீடுகளில் ஆடும் பைலாவுக்கு அவர்களது கஃப்ரிஞ்ஞா இசை ஒரு மூலம் என்பதை எத்தனை பேர் அறிவர்? ஒரு மக்களின் தாளத்தை எடுத்துக்கொண்டு, அம்மக்களை மறந்துவிட்ட நாடு இது. சப்ரகமுவாத் தமிழர் இதை ஊன்றி நோக்க வேண்டும். நுவரெலியாவைப் போல் நாம் ஓரிடத்தில் திரண்டு வாழ்பவரல்லோம். கேகாலையிலும் இரத்தினபுரியிலும் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே, சிறு சிறு தோட்டங்களில், சிதறிக் கிடக்கின்றோம். தமிழ்ப் பாடசாலை தொலைவில் இருப்பதால் சிங்களப் பாடசாலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் பலர். 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களுக்கு அஞ்சி இரத்தினபுரித் தோட்டங்களிலிருந்து எண்ணற்ற குடும்பங்கள் வன்னிக்குச் சென்றன. அங்கே காடு வெட்டிக் கமம் செய்யும் அவர்களோடு பாட்டும் போயிருக்கும். எஞ்சியிருக்கும் நம்மிடம் எவ்வளவு இருக்கின்றது?

பாடசாலைக்கு வருவோம். ஆறாம் வகுப்பு முதல் மாணவன் ஓர் அழகியற் பாடத்தைக் கற்கவேண்டும் என்பது விதி. சித்திரம், கர்நாடக சங்கீதம், பரதம், நாடகமும் அரங்கியலும் முதலியவற்றுள் ஒன்றை அவன் தெரிந்துகொள்ளலாம் என்று ஏடு கூறுகின்றது. ஏட்டில் உள்ள தெரிவு தோட்டப்புறத்துச் சிறு பாடசாலையில் இல்லை. சங்கீத ஆசிரியர் இல்லாத பாடசாலையில் சங்கீதம் எங்கிருந்து வரும்? உள்ள ஆசிரியர் எதைக் கற்பிக்கின்றாரோ அதுவே மாணவனின் ‘விருப்பம்’ ஆகிவிடுகின்றது. வயலினோ வீணையோ மிருதங்கமோ வாங்க லயத்துக் குடும்பத்துக்கு வழியில்லை. சுருதிப் பெட்டி கூட இல்லாமல் செய்முறைப் பரீட்சைக்குச் செல்லும் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். சங்கீதத்தில் உயர் கல்வி பெறவேண்டுமாயின் ஒன்று யாழ்ப்பாணத்துக்குச் செல்லவேண்டும். அல்லது மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்குச் செல்லவேண்டும். 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை தன் பரீட்சைகளால் வடக்கில் இசையறிவை வீடுதோறும் பரப்பியது போன்ற ஒரு முயற்சி, சப்ரகமுவாவில் வேரூன்றவில்லை.

ஆகவே நம் பிள்ளை இரண்டு பக்கத்திலும் இழக்கின்றான். கர்நாடக சங்கீதம் அவனுக்கு எட்டுவதில்லை. எட்டிய தப்போ கல்வியாகக் கருதப்படுவதில்லை. லயத்தில் ஏழு வயதிலேயே சிக்கலான தாளங்களை விரலால் சொல்லவல்ல சிறுவன், பாடசாலைப் பதிவேட்டில் இசையறியாதவன்!

கர்நாடக சங்கீதத்தை நாம் வேண்டாம் என்று கூறுகின்றோம் என எவரும் எண்ணவேண்டா. அது தோட்டத்துப் பிள்ளைக்கும் உரிமையான செல்வம். அதை அவனுக்கு மறுப்பவர்களோடு நமக்குப் போராட்டம் உண்டு. ஆனால் இசை என்றால் அது ஒன்றே என்னும் மனப்பான்மையை ஏற்க மாட்டோம். விபுலானந்த அடிகள் பல்லாண்டு ஆராய்ந்து, மறைந்துபோன யாழை ஏட்டிலிருந்து மீட்டெடுத்து 1947இல் யாழ் நூலை அரங்கேற்றினார். தமிழுலகம் பெருமை கொண்டது, நாமும் கொள்கின்றோம். இறந்த கருவிக்கு இத்துணைப் பணி செய்த இனம், உயிரோடிருக்கும் கருவிக்கு ஏன் ஒரு பாடப்புத்தகம் எழுதவில்லை?

இது நடக்காத காரியம் என்பார்க்கு நம் அயல் வீட்டையே காட்டுவோம். சப்ரகமுவாவின் சிங்கள மக்களுக்குத் தனி ஆடல் மரபு உண்டு. தவுல் அதன் உயிர். இரத்தினபுரிச் சமன் தேவாலயப் பெரஹராவில் அதைக் கேட்கலாம். அந்த முரசை அடித்தவர்கள் பெரவா என்னும் சாதியினர். சிங்களச் சமுதாயத்தில் தாழ்த்தி வைக்கப்பட்டவர்கள். ஆயினும் இன்று மலைநாட்டு ஆடல், கீழ்நாட்டு ஆடல், சப்ரகமுவா ஆடல் ஆகிய மூன்றும் அரசாங்கப் பாடசாலைகளிற் கற்பிக்கப்படுகின்றன. கொழும்பில் கட்புல, ஆற்றுகைக் கலைகளுக்கென ஒரு பல்கலைக்கழகமே இருக்கின்றது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அந்த முரசைக் கற்கின்றனர். அதனால் சாதி முற்றாக ஒழிந்துவிட்டது என்று நாம் கூற வரவில்லை. ஆனால் முரசுக்குச் சான்றிதழ் கிடைத்தது. ஆசிரியருக்குச் சம்பளம் கிடைத்தது. ருவான்வெல்லையில் வேலிக்கு அந்தப் பக்கம் தவுல் பாடமாக இருக்கின்றது. இந்தப் பக்கம் தப்பு பழக்கமாக மட்டும் இருக்கின்றது. ஓர் அரசாங்கம், ஒரே மாகாணம், ஒரே வரிப்பணம்!

அயல்நாடுகளும் வழி காட்டுகின்றன. ரினிடாட் தீவில் 1880களில் ஆங்கிலேய ஆட்சி கறுப்பின மக்களின் முரசுகளை அடக்கியது. அவர்கள் மூங்கிலைத் தட்டினர். பின்னர் எண்ணெய்ப் பீப்பாய்களைத் தட்டிச் செதுக்கி ஸ்டீல்பான் என்னும் புதுக் கருவியையே படைத்தனர். சேரிக் கருவி என்று பழிக்கப்பட்ட அது 1992இல் தேசிய இசைக்கருவியாயிற்று. 2023இல் ஐக்கிய நாடுகள் சபை அதற்கென ஆகஸ்ட் 11ஆம் நாளை உலக நாளாகக் குறித்தது. றீயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களில் ஆபிரிக்க, மலகாசி அடிமைகள் உருவாக்கிய மலோயா என்னும் பாட்டை 2009இல் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வமாகப் பதிந்தது. நம் தப்பும் அத்தகைய தோட்டங்களுக்குச் சென்றதே. கயானாவில் தமிழ்க் கூலிகளின் வழிவந்தோர், தமிழ் பேச மறந்தபின்னும், காளி கோவில்களில் அதைத் தப்பு என்ற பெயராலேயே இன்றும் அடிக்கின்றனர். தமிழகத்திலும் காற்று மாறிவிட்டது. மதுரை அலங்காநல்லூரைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

ஒரு சிறுவனுக்கு ஓர் ஆசிரியரும் ஒரு கருவியும் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு லூயி ஆம்ஸ்ட்ராங் சான்று. நியூ ஓர்லியன்ஸ் நகரின் வறிய தெருவில் வளர்ந்த அவர், புத்தாண்டு இரவில் துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்டதற்காக 1913இல் கறுப்பினச் சிறுவர் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே பீற்றர் டேவிஸ் என்னும் ஆசிரியர் அவர் கையில் ஊதுகுழல் ஒன்றைக் கொடுத்துப் பயிற்றினார். மீதியை உலகம் அறியும். நம் தோட்டங்களில் எத்தனை ஆம்ஸ்ட்ராங்குகள் பால் வாளியோடு மரத்தடியில் நிற்கின்றனர் என்று கணக்கெடுத்தவர் யார்?

நாம் கேட்பது அதிகமன்று. அழகியற் பாடத்திட்டத்தில் தப்பும், காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய கூத்துகளின் இசையும் இடம்பெறல் வேண்டும். கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தமிழ்ப் பாடசாலைகளுக்குச் சங்கீத ஆசிரியர் நியமிக்கப்படல் வேண்டும். ஒரு பாடசாலைக்கு ஒருவர் இயலாதெனின், சில பாடசாலைகளைச் சேர்த்து ஒருவரையேனும் நியமிக்கலாம். இதைவிட அவசரமான காரியம் ஒன்றுண்டு. தப்படிக்கும் முதியவர்களைப் பட்டச் சான்றிதழ் கேட்காமல் வருகை ஆசிரியர்களாக அழைத்து, உரிய ஊதியம் கொடுத்து, நாற்காலி போட்டு அமரவைக்க வேண்டும். அவர்களுக்குச் சான்றிதழ் இல்லாதது அவர்கள் குற்றமன்று. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதே 1970களில்தான் என்பதை அதிகாரிகள் நினைவிற்கொள்ள வேண்டும். அவர்களது அடிகளையும் பாடல்களையும் ஒலிப்பதிவு செய்யும் வேலை நாளைக்கு என்று ஒத்திவைக்கத்தக்கதன்று. பெலிஹுல் ஓயாவில் சப்ரகமுவாப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. அதன் தமிழ் மாணவர் விடுமுறையில் ஒரு கைத்தொலைபேசியோடு லயத்துக்குச் சென்றாலே பாதி வேலை முடியும்.

அரசாங்கத்தை மட்டும் நோக்கிக் கை நீட்டுவது நம் வழக்கமன்று. தோட்டத்திலிருந்து படித்து உயர்ந்து வக்கீலாகவும் வைத்தியராகவும் கணக்காளராகவும் விளங்கும் அன்பர்கள் பலர் கோவில் கோபுரத்துக்குத் தாராளமாக நன்கொடை வழங்குகின்றனர். அக்கோவில் திருவிழாவிற் தப்படிப்பவருக்கு என்ன கூலி கொடுக்கப்படுகின்றது, அவர் எங்கே அமர்ந்து உண்கின்றார் என்பதையும் அவர்கள் கேட்க வேண்டும். வன்னியிலும் கிழக்கிலும் கமம் செய்யும் தோழர்கள், தாம் அறிந்த நடவுப் பாட்டுகளையும் அரிவி வெட்டுப் பாட்டுகளையும் எழுதி வைக்கலாம். அவை நம் கொழுந்துப் பாட்டுகளுக்கு உடன்பிறந்தவை. தொழிற்சங்கத் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை. கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளரை ஒன்றுதிரட்டிய நாளில், அவர் துணைவியார் மீனாட்சி அம்மாள் மேடையேறிப் பாடினார். 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் பாட்டு நூலையும் வெளியிட்டார். பாட்டு கூட்டத்தின் அலங்காரமாக அன்று, ஆயுதமாக இருந்தது. இன்றைய மேதினக் கூட்டங்களில் சினிமாப் பாட்டு முழங்குவதைக் கேட்க நமக்கு நாணமாக இருக்கின்றது.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் தோட்டங்களில் காமன் கம்பம் நடப்படும். அந்நாளுக்கு முன்னரே ஒவ்வொரு தோட்டத்துக் கோவிற் குழுவும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் ஒன்றுகூடி, தங்கள் பாடசாலையில் எத்தனை பிள்ளைகள் இசை கற்க விரும்புகின்றனர், கற்பிக்க வல்ல முதியவர் எத்தனை பேர் இருக்கின்றனர் என்று எழுதி, மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் கல்வி அமைச்சுக்கும் அனுப்பட்டும். பிரதி ஒன்றை நமக்கும் அனுப்பினால், வரும் மறுமொழியோடு சேர்த்து இப்பக்கத்திலேயே வெளியிடுவோம். மறுமொழி வராவிடின் அதையும் வெளியிடுவோம்.